தட்டில் குறைந்த நட்சத்திரங்கள்

தட்டில் இரண்டு நட்சத்திரங்களைக் காணோம். சுவர் ஓரமாக இருந்த வரிசையில்தான் குறைகிறது. நடுவில் எடுத்தால் தெரிந்துவிடும் என்று யோசித்து ஓரத்தில் எடுத்திருக்கிறாள், எட்டு வயதுக்கு இது கொஞ்சம் அதிகமான யோசனை. எலி என்றால் தூள் சிந்தியிருக்கும். காக்காய்க்கு வழியில்லை, ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறது. வீட்டில் நானும் ஜெனிட்டாவும் மட்டும்தான், நானோ அடுப்பை விட்டு நகரவில்லை, நகரவும் முடியாது, துருவிய தேங்காயும் சர்க்கரையும் வாணலியில் கொதித்துக்கொண்டிருக்கிறது, கரண்டியை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். கேட்டால் என்ன? "ஜெனி, பிஸ்கட் எடுத்தியா?" என்று ஒரு வார்த்தை. எடுத்துத் தின்றிருந்தால் சந்தோஷம்தானே, பிள்ளைகள் திருடித் தின்னத்தானே பண்டம் செய்கிறோம். ஆனால் அவள் தின்றிருக்க மாட்டாள். நான் அமலதாஸைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் முடியப் போகிறது, இதுவரை என் கையால் செய்த எதையும் அவர் மகள் தானாக வந்து எடுத்து வாயில் போட்டதில்லை. தட்டில் வைத்தால் சாப்பிடுவாள். வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். என்னை எதுவென்றும் கூப்பிடவும் மாட்டாள், சித்தி என்றும் கிடையாது, ஆன்ட்டி என்றும் கிடையாது, "இங்க பாருங்க" என்று காற்றைப் பார்த்து ஆரம்பிப்பாள், நானாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவள் இரண்டு பிஸ்கட்டை எதற்கு எடுத்தாள்? யாரிடம் காட்ட?

யாரிடம் என்று எனக்கா தெரியாது, பிலோமினா அக்காவிடம்தான். செத்துப்போன முதல் மனைவி அக்னெஸின் கூடப்பிறந்தவள், ஜெனிட்டாவுக்குப் பெரியம்மா, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. டெங்குக் காய்ச்சலில் தங்கை போன பிறகு இந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவள் அவள்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை, தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். ஆனால் நான் வந்த பிறகும் அந்தச் சதை ஆடிக்கொண்டே இருக்கிறது. வந்தால் நேரே அடுப்படிக்குத்தான் வருவாள். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள், "என்ன வேணி, பெருங்காயமா?" என்பாள், பெருங்காயத்தில் என்ன இருக்கிறது, எங்கள் ஊர் லால்குடியில் எல்லாரும் போடுகிறோம். பிலோமினா அக்கா வாய் திறந்து ஒன்றும் குறை சொல்ல மாட்டாள். சொன்னால் பதில் சொல்லலாமே. போன மாதம் ஒரு நாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே ஜெனிட்டாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள் பெரியம்மாக்காரி, ஜன்னல் திறந்திருந்தது. "அவங்க செய்றத அவங்க சாப்ட்டே பாக்க மாட்டாங்க பெரியம்மா" என்றது பிள்ளை. "செஞ்சவளே வாயில வைக்காதத நீ ஏன்டி அவசரப்பட்டு வைக்கிற? அவ தின்னப்புறம் தின்னு" என்றாள் அந்த அம்மாள். தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். என் கையில் அமலதாஸின் யூனிபாரம் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் "அக்கா, என்ன சொன்னீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும், சித்திக்காரி சண்டைக்காரியும்கூட என்று ஆகும். அதோடு நான் என்ன பதில் சொல்வேன், எங்கள் வீட்டில் அடுப்பில் இருக்கிறதை வாயில் வைத்துப் பார்ப்பது எச்சில் பண்ணுவது, என் அம்மா அறைந்தே வளர்த்திருக்கிறாள், உப்பை வாசனையில் பார்க்கணும், பதத்தைக் கண்ணில் பார்க்கணும், எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால் கடைசியில் தின்னணும் என்று, இதைப் போய் நான் விளக்க முடியுமா, விளக்கினால் அவர்கள் வழக்கத்தை நான் எச்சில் என்று சொல்வதாக ஆகிவிடும். அக்னெஸ் வேறு மாதிரியாம். வாணலியிலிருந்து எடுத்ததும் ஊதி ஊதி வாயில் போட்டுக்கொள்வாளாம், பாதிதான் டப்பாவுக்கு வருமாம், அமலதாஸ் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது எதற்காக, அதையும் நான் கொஞ்ச நாள் யோசித்தேன்.

சர்க்கரை இளகிவிட்டது, தேங்காய் கண்ணாடி மாதிரி ஆகிறது. இன்னும் நேரம் இருக்கிறது. நாளைக்குக் கடைசிப் பரீட்சை, பொது அறிவு, அது முடிந்ததும் வகுப்பில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். ஆளுக்கொரு பண்டம் கொண்டு வர வேண்டாம், யாராவது ஒருவர் வீட்டில் செய்து மொத்த வகுப்புக்கும் கொடுத்தால் போதும், கடையில் வாங்கக் கூடாது, யார் செய்வீர்கள் என்று பவுலின் மிஸ் கேட்டிருக்கிறார், இவள் கையைத் தூக்கியிருக்கிறாள். "எங்க வீட்ல செய்வாங்கன்னு சொல்லிட்டேன்" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், தண்ணீர் லாரி வந்தது என்கிற மாதிரி. நான் திடுக்கிட்டுப் போனேன். ஏன் தூக்கினாள்? இந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தலைமுறை தலைமுறையாக டிசம்பர் மாதம் வீடு மணக்கக் கேக்கும் ரோஸ் குக்கியும் போடுகிறவர்கள், அவர்கள் யாரும் தூக்கவில்லை, குலதெய்வத்துக்கு மாவிளக்கு போட்டு வளர்ந்த ஒருத்தியின் தலையில் இது எப்படி விழுகிறது? ஒன்று, அவளாகத் தூக்கவில்லை, தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பே தின்று துப்பட்டும், ஊருக்கே தெரியட்டும் என்று. இரண்டு, என்னைச் சோதிக்கிறாள். எதுவாக இருந்தாலும் முடியாது என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை. "செய்யலாமே" என்றேன், குரல் எனக்கே தேன் தடவினது போலக் கேட்டது. கல்கல் செய்ய மாட்டேன் என்று மட்டும் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். சீப்பில் மாவை உருட்டிப் பொரிக்கிற அந்தக் கல்கல் அக்னெஸின் கைப்பக்குவமாம், அதை நான் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா" என்று ஒரு ஆனா வரும். பிஸ்கட் என்றால் ஒப்பிட ஆள் இல்லை. போனில் வீடியோ பார்த்து, வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் குழைத்து, மைதா சலித்து, சோடா உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, பிள்ளைகளுக்குப் பொரபொரவென்று இருக்கட்டுமே என்று, நட்சத்திர அச்சில் வெட்டி, மேலே சிவப்பும் பச்சையுமாகச் சர்க்கரை தூவி, அக்னெஸின் அந்தச் சின்னக் கரண்ட் அவனில்தான் வைத்தேன். அந்த அடுப்புகூட எனக்கு விட்டுக்கொடுக்காது என்று நினைத்தேன், முதல் ஈடு அப்படியே பொன்னாகச் சிவந்து வந்தது, வீடியோவில் அந்தப் பெண்ணுக்குக்கூட அந்த நிறம் வரவில்லை. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. இப்போது அதில் இரண்டு இல்லை.

"இங்க பாருங்க." வந்துவிட்டாள். நிலைப்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்கிறாள், பரீட்சை அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. வாயைப் பார்த்தேன், உதட்டில் தூள் எதுவும் இல்லை, துடைத்திருக்கிறாள், அல்லது வாய்க்கே போகவில்லை. "என்னம்மா?" "அது... பிஸ்கட் நீங்க ஒண்ணு சாப்ட்டுப் பாருங்களேன்." கரண்டி என் கையில் நின்றுவிட்டது, உடனே அடியில் பிடிக்கிற வாசனை, மறுபடி கிளற ஆரம்பித்தேன். "நாளைக்கு உங்க கிளாஸுக்குத்தானே, நீங்கல்லாம் சாப்ட்ட பிறகு நான் சாப்பிடறேன்." "இல்ல, இப்ப. ஒண்ணே ஒண்ணு." "கை வேலையா இருக்கு பாரு." அவள் போகவில்லை. என் முகத்தையே பார்த்தாள், நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்க்கிற பார்வை. பிறகு அட்டையால் கதவைத் தட்டிக்கொண்டே போய்விட்டாள். ஆக, அதுதான். செஞ்சவ தின்னப்புறம் தின்னு. வேதத்தை மனப்பாடம் பண்ணுகிற மாதிரி அந்தப் பாடத்தைப் பிள்ளைக்கு ஏற்றிவிட்டாள் அந்தப் புண்ணியவதி. எனக்கு முகமெல்லாம் சுட்டது, அடுப்புச் சூடு பாதி. நான் இந்தக் குழந்தைக்கு என்ன செய்துவிடுவேன் என்று நினைக்கிறார்கள்? மைதாவில் எதைக் கலந்துவிடுவேன்? கதைகளில் வருகிற சித்திகள் எல்லாரும் எனக்கு முன்னால் இந்த வீட்டுக்குள் வந்து பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், நான் என்ன செய்தாலும் அவர்கள் செய்ததாகத்தான் கணக்கு. தலைக்கு எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தால் கொடுமை. தேய்க்காவிட்டால் கவனிப்பில்லை. டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுக்கும்போதுகூட பாட்டிலை அவள் கண்ணுக்கு நேரே காட்டித்தான் ஊற்றுகிறேன், எனக்கே ஏன் அப்படிச் செய்கிறேன் என்று வெட்கமாக இருக்கும்.

ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது, இன்னும் ஒரு சுற்று. மத்தியானச் சாப்பாட்டு டப்பா இருக்கிறதே, அது தினமும் காலியாக வருகிறது. முதல் வாரம் பூரித்துப்போனேன். அப்புறம் தோன்றியது, எந்தப் பிள்ளை ஒரு பருக்கை மிச்சமில்லாமல், கறிவேப்பிலைகூட இல்லாமல் டப்பாவைக் கொண்டுவரும்? கறிவேப்பிலை எங்கே போகிறது? தின்றவர்கள் ஒதுக்கி வைப்பார்கள், கொட்டுகிறவர்கள்தான் சேர்த்துக் கொட்டுவார்கள். "சாப்ட்டியா?" என்று கேட்பேன், "சாப்ட்டேன்" என்பாள், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க எனக்கு நாக்கு எழும்பாது. பெற்றவளாக இருந்தால் காதைத் திருகிக் கேட்பாள், "பொய் சொல்லாதடி" என்பாள், அதோடு அது முடிந்தும் போய்விடும். எனக்கு அந்த வசதி இல்லை. நான் நம்பிய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சந்தேகப்பட வேண்டும். என் புத்தி இப்படி இருந்ததில்லை, நர்ஸிங் ஹோமில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் யார் என்ன சொன்னாலும் நம்புவேன், கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்குத் தெரியாதா அது, தெரிந்து என்ன செய்ய, இருண்டுதானே கிடக்கிறது. வாணலியை இறக்கிவிட்டேன். பாதியில் ரோஸ் கலர், பாதியில் பச்சை. நெய் தடவிய தட்டில் கொட்டிக் கிண்ணத்தின் அடியால் சமன் பண்ணி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கீறிவிட்டு நிமிர்ந்தேன், ஒரு நிமிஷம் மனசு ஆறியது, இதாவது எனக்குத் தெரிந்த வேலை, லால்குடி தேங்காய் மிட்டாய், இதற்குக் கிறிஸ்துமஸ் கலர் உடுத்தி அனுப்புகிறேன், அவ்வளவுதான். அப்போது மேஜையைப் பார்த்தேன். இன்னும் இரண்டு போயிருக்கிறது. இந்தத் தடவை நடுவிலிருந்தே.

"ஜெனிட்டா!" நான் இந்த வீட்டில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை, எனக்கே திக்கென்றது. ஓடி வந்தாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். "பிஸ்கட் எங்க?" தட்டைப் பார்த்தாள். "பெரியம்மாட்ட குடுத்தியா?" இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப எங்க போச்சு? குப்பைலயா?" மறுபடியும் தலையாட்டல், கண் கலங்கிவிட்டது, கலங்கிய கண்ணோடு அதே வார்த்தையைத்தான் சொல்கிறாள், எவ்வளவு பிடிவாதம், "நீங்க ஒண்ணு சாப்ட்டுப் பாருங்க. ப்ளீஸ்." அவ்வளவுதான், எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. எச்சில் என்ன, வழக்கம் என்ன. விஷம் இருக்கிறதா என்றுதானே பார்க்க வேண்டும், பாரு, நல்லாப் பாரு, உன் பெரியம்மாவிடமும் போய்ச் சொல்லு. இருக்கிறதிலேயே பெரிய நட்சத்திரமாக எடுத்து முழுசாக வாயில் போட்டு, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடித்தேன். முதலில் வெண்ணெய். அப்புறம் இனிப்பு. அப்புறம் நாக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு கசப்பு கிளம்பி வாய் முழுக்கப் பரவியது, சவுக்காரக் கட்டியைக் கடித்தால் எப்படி இருக்கும், அப்படி. சோடா உப்பு. வீடியோவில் அந்தப் பெண் ஏதோ பேக்கிங் பவுடர் என்று சொன்னாள், இரண்டும் ஒன்றுதானே என்று நான் சோடாவைக் குவித்துப் போட்டேன், அந்தப் பொன் நிறம் அதனால்தான். விழுங்கவும் முடியவில்லை, அவள் முன்னால் துப்பவும் முடியவில்லை.

"கசக்குதுல்ல?" என்றாள் மெதுவாக. கையை முன்னால் கொண்டு வந்தாள், பாதி கடித்த நட்சத்திரம் ஒன்று வியர்வையில் சிவப்புச் சாயம் விட்டுக்கொண்டிருந்தது. "மொத ரெண்டு சாப்ட்டேன். அது மட்டும்தான் அப்படி இருக்கும்னு நெனச்சு நடுவுல எடுத்துப் பாத்தேன். அதுவும் அப்படித்தான் இருக்கு." நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். "நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன், மாவு தொண்டையில் ஒட்டியது. "நீங்க காலைலேர்ந்து செய்றீங்க. நானே நல்லால்லன்னு சொன்னா..." என்று இழுத்தாள். அப்புறம் கடகடவென்று, "நீங்களே சாப்ட்டா உங்களுக்கே தெரியும்ல. நீங்கதான் சாப்டவே மாட்டேங்கிறீங்களே. மிஸ்ட்ட நீங்க சூப்பரா செய்வீங்கன்னு வேற சொல்லிட்டேன். டிபன் பாக்ஸ்ல குடுக்கிற புளிசாதத்தப் பாதி அந்த லெவினாதான் திங்கிறா, அதான் சொன்னேன்." லெவினா. அப்படி ஒரு பிள்ளை கூட உட்கார்ந்து தின்கிறது. கறிவேப்பிலையையும் அதுவே தின்கிறதோ என்னவோ. நான் உட்கார்ந்துவிட்டேன், தரையிலேயே, மேஜைக் காலில் சாய்ந்துகொண்டு. இந்தக் கசப்பை இவள் நாலு தடவை தின்றிருக்கிறாள், யாரும் தட்டில் வைக்காமல், தானாக எடுத்து. அழுகைதான் வந்தது. அது சோடாவால் இல்லை.

அழுவதற்கும் விடவில்லை, வாசலில் செருப்புச் சத்தம். "என்னடி வாசனை தெரு முனை வரைக்கும் வருது?" பிலோமினா அக்கா. சரியாக வருகிறாள் பார், யார் சொல்லி வருகிறாள், என்று என் புத்தி அப்போதும் ஒரு கணம் ஓடியது. நான் எழுந்து முகத்தைத் துடைப்பதற்குள் ஜெனிட்டா மேஜைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "எங்க, பெரியம்மாவுக்கு ஒண்ணு காட்டு." "கிளாஸுக்கு பெரியம்மா. தொடக்கூடாது." "ஒண்ணே ஒண்ணுடி, கொறஞ்சா போயிரும்?" "மிஸ் சரியா எண்ணிக் கொண்டு வரச் சொல்லிருக்காங்க." அக்கா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "நீ தின்னியா?" "நாலு." "எப்படி இருக்கு?" "சூப்பரா இருக்கு." "அவ தின்னாளா?" "என் கண்ணு முன்னாடிதான் சாப்ட்டாங்க. இன்னும் மென்னுட்டு இருக்காங்க பாருங்க." நான் வாயை மூடிக்கொண்டு மென்றேன், வேறு என்ன செய்ய. "வேணும்னா தேங்கா மிட்டாய் எடுத்துக்கோங்க பெரியம்மா, பச்சையா ரோஸா?" அக்கா ஒரு ரோஸ் துண்டைக் கையில் வாங்கினாள், மோந்து பார்த்தாள், வாயில் போட்டாள். "பாகு பதமாத்தான் இருக்கு" என்றாள் என்னைப் பார்த்து, "எங்க பையன் வர்ற நேரம், நான் வரேன் வேணி" என்று போய்விட்டாள். நாங்கள் இருவரும் கேட் சாத்துகிற சத்தம் வரை அசையவில்லை.

பிறகு அவள் தட்டை எடுத்துத் தன் கையாலேயே நட்சத்திரங்களைக் குப்பைக் கூடையில் சரித்தாள், "மைதா இன்னும் இருக்கா?" என்றாள். இருக்கிறது. வெண்ணெய்கூடக் கொஞ்சம் இருக்கிறது. வாய் கொப்பளித்துவிட்டு வந்து மைதாவை அளந்து கொட்டினேன், சோடா டப்பாவை அவளே எடுத்து ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டில் ஒளித்து வைத்தாள், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்களைச் சொல்லும்போது ஒரு இமை ஆடவில்லையே இவளுக்கு. மிஸ் எண்ணிக் கொண்டு வரச் சொன்னாராம். அந்த அம்மாளையே ஒரு நிமிஷத்தில் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டாள். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறவள் என்னிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? பல் தேய்த்தேன் என்றது? சோப்புப் போட்டுக் குளித்தேன் என்றது? மத்தியானம் பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாளே, கையில் புத்தகம் இருந்ததா? இல்லை. எனக்கு உடனே சந்தேகம் வந்தது, வந்த வேகத்தில் வாய்க்கும் வந்துவிட்டது. "ஏய், பொது அறிவு முழுசாப் படிச்சியா நீ?" "ஓ, படிச்சேனே." "புத்தகத்த எடுத்துட்டு வா. கேள்வி கேக்கறேன்." அவள் முகம் விழுந்துவிட்டது. புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றாள், ஸ்கூலிலேயே விட்டுவிட்டேன் போல என்றாள், லெவினா வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றாள். "பொய் சொல்லாதடி, போய்த் தேடு" என்று மாவுக் கையை ஓங்கினேன். முனகிக்கொண்டே காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொன்ன மூன்றும் பொய், அதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை.